உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளை

ஆறாம் படிவத்தில் உயிரியல் பாடம் எடுத்த பிள்ளைக்கு முதல் தவணையிலேயே எதிரே வந்து நிற்பது உயிர்வேதியியல். உயிருள்ள உடம்புக்குள் நடக்கும் வேதியியல் மாற்றங்களைப் பற்றிய படிப்பு இது. மருத்துவம் படிக்கப் போனாலும் தாதியர் பயிற்சிக்குப் போனாலும் இதன் தொடக்கப் பாடங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் கெலாங் பாத்தா வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பக்கத்து இஸ்கந்தர் புத்ரியில் 2011ஆம் ஆண்டு முதல் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகமே இயங்குகிறது. மேற்படிப்பு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளை முதல் சில மாதங்களில் படும் பாடு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

எங்களிடம் ஆறாண்டு படித்துப் போன மாணவி ஒருத்தி விடுமுறையில் தடித்த குறிப்பேட்டுடன் எங்களைப் பார்க்க வந்தாள். புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களின் பெயர்களையும் படங்களையும் அதில் வரிசையாக எழுதியிருந்தாள். கேட்டால் ஒப்பிப்பாள். "எல்லாம் தெரியுது டீச்சர், ஆனா ஒண்ணும் புரியலை" என்றாள். முதல் சோதனையில் அவள் தேறவில்லை. தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தது.

அவளுடைய சிக்கல்களில் ஒன்று மொழி. தமிழ்ப்பள்ளியில் அவள் படித்தது மாவுச்சத்து. இடைநிலைப் பள்ளியின் மலாய்ப் பாடநூலில் அதற்குப் பெயர் 'கஞ்சி'. நம் வீட்டுக் கஞ்சியேதான். தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். பிறகு ஆங்கிலத்தில் அதுவே 'ஸ்டார்ச்' ஆனது. ஒரே பொருளை மூன்று பெயர்களில் சந்தித்தவள், மூன்றையும் மூன்று பொருள்கள் போலத் தனித்தனியே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். குறிப்பேட்டில் மூன்று பெயர்களையும் ஒரே வரியில் எழுதச் சொன்னோம். சுமையில் பாதி அங்கேயே இறங்கியது.

மறுபாதிக்கு நாங்கள் துணைக்கு அழைத்தது அவளுடைய பாட்டியை. முப்பது ஆண்டு மரம் வெட்டியவர். "ஸ்டோரில் பாலில் ஆசிட் ஊற்றினால் ஏன் உறைகிறது?" என்று கேட்டோம். "ஊத்துனா உறையும், அம்புட்டுதான்" என்றார் பாட்டி. நியாயமான பதில். ஆனால் அந்த 'ஏன்' என்பதற்குள் உயிர்வேதியியலின் முதல் அத்தியாயமே அடங்கியிருக்கிறது. ரப்பர் பால் என்பது நீரில் மிதக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய ரப்பர் துளிகள். ஒவ்வொரு துளியின் மேலும் புரதம் கலந்த மெல்லிய உறை உண்டு. அந்த உறை எதிர்மின்னூட்டம் உடையது. எல்லாத் துளிகளும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது. பார்மிக் அமிலம் ஊற்றியதும் அந்த மின்னூட்டம் அடங்கிவிடுகிறது. தள்ளும் விசை போனதும் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. அம்மோனியா சேர்த்தால் பால் உறையாமல் நிற்பதும் இதே கணக்கின் மறுபுறம். எடுக்கத் தாமதமானால் மங்கிலேயே பால் கட்டியாகிவிடுகிறதே, அதற்கு ஆசிட் ஊற்றியது யார்? பாக்டீரியாக்கள். பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அவையே அமிலத்தை உண்டாக்குகின்றன. நம் அடுக்களையில் உறைமோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அமிலம் பட்டால் புரதத்தின் மின்னூட்டம் மாறும் என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிறகு, இருபது அமினோ அமிலங்களும் அவளுக்கு வெறும் பட்டியலாகத் தோன்றவில்லை. எது மின்னூட்டம் உடையது, எது தண்ணீரை விரும்பும், எது எண்ணெயைப் போல ஒதுங்கும் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

அடுத்த மலை, உணவு சக்தியாக மாறும் பாடம். குளுக்கோஸ் உடைவதற்கே முதலில் பத்துப் படிகள். அதைப் பெரிய நோட்டு என்று வைத்துக்கொள்வோம். உடம்பின் செலவுகளோ சில்லறைச் செலவுகள்: கை அசைய, இதயம் துடிக்க. அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏ.டி.பி. நோட்டைப் படிப்படியாகச் சில்லறையாக்குவதே அந்தப் பத்துப் படிகளும் அவற்றைத் தொடர்ந்து வருபவையும்.

இந்தச் சில்லறையைத் தசையில் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் ஆந்திரப் பகுதியில் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் மருத்துவமனையொன்றில் இரவுநேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்ற ஆசிரியரிடம் சேர்ந்து உடல் திரவங்களில் பாஸ்பரசை அளக்கும் முறையை உருவாக்கினார். எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறதோ அவ்வளவு நீலம் காட்டும் முறை அது. 1925இல் வெளியான அம்முறை இருவர் பெயராலும் வழங்குகிறது. அந்த நீலத்தைப் பின்தொடர்ந்தே 1929இல் அவர்கள் தசையில் ஏ.டி.பி.யைக் கண்டனர், அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் கண்டார்.

தாய்மார்களுக்கு இன்னொரு செய்தி. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் போலிக் அமில மாத்திரையைச் செயற்கையாகச் செய்யும் வழியை 1940களின் நடுவில் கண்டது சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வுக்கூடம். அதற்கு முன்பே, பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் இரத்தச்சோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதை லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1931இல் எழுதியிருந்தார். ஈஸ்டில் இருந்த அந்தச் சத்துதான் போலிக் அமிலம். உழைக்கும் பெண்களின் இரத்தத்திலிருந்து தொடங்கிய பாடம் இது.

எங்கள் மாணவி இரண்டாம் சோதனையில் தேறினாள். முதல் மாணவியாக அல்ல, நடுத்தரமாகத்தான். எங்களுக்கு அது போதுமானதாகவே பட்டது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. நீர்த்த கஞ்சியை ஆறவைத்து மூன்று கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் உமிழ்நீர் கலக்குங்கள். மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆற்றிய உமிழ்நீரைக் கலக்குங்கள். அரை மணி கழித்து, புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்தை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விடுங்கள். முதலாவதும் மூன்றாவதும் கருநீலமாகும். இரண்டாவதில் நீலம் வெளுத்திருக்கும். கஞ்சியைச் சர்க்கரையாக்கும் நொதி உமிழ்நீரில் இருக்கிறது. அதுவும் ஒரு புரதமாதலால் கொதித்தால் கெட்டுவிடுகிறது. ஏன் என்று பிள்ளையைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். மஞ்சள் மருந்து வேறு, அது இதற்கு உதவாது. சோதனை முடிந்ததும் மூன்று கிண்ணத்தையும் சிறுபிள்ளைகள் வாயில் வைக்காதபடி உடனே கொட்டிக் கழுவிவிடுங்கள்.