வாரமெல்லாம் வாத்தியார்... ஞாயிறு மட்டும் இசைமேதை!

செவ்வாய், வெள்ளி, புதன், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்... ஏதோ ஜாதகக் கட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகப் புகழ்பெற்ற ஓர் இசைப் படைப்பின் ஏழு பகுதிகள் இவை! ‘கோள்கள்’ என்ற அந்தப் படைப்பைத் தந்தவர், லண்டனில் பெண்கள் பள்ளி ஒன்றில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பெயர், குஸ்தாவ் ஹோல்ஸ்ட். நண்பர்களுக்கு ஜாதகம் கணித்துக் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கு என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

கை கொடுக்காத கை

1874-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில், தலைமுறை தலைமுறையாக இசையில் ஊறிய குடும்பத்தில் பிறந்தார் ஹோல்ஸ்ட். ஏழு வயதிலேயே தாயை இழந்தார். அப்பாவைப் போல பியானோ கலைஞராக வேண்டும் என்பதுதான் கனவு. ஆனால், வலது கையில் வந்த நரம்பு வலி அந்தக் கனவைக் கலைத்துவிட்டது. ஆஸ்துமா தொல்லை வேறு. ஊதினால் மூச்சு சீராகும் என்று அப்பா சொன்ன யோசனைப்படி டிராம்போன் கற்றுக்கொண்டார். லண்டனில் படித்த காலத்திலும் அதன் பிறகும் சோறு போட்டது அந்தக் குழல்தான். கடற்கரை ஊர்களின் இசைக்குழுக்களிலும் நாடக அரங்குகளிலும் வாசித்தார்.

அவர் நடத்திய பாடகர் குழுவில் பாட வந்தவர் இசபெல். இருவருக்கும் பிடித்துப்போனது. கையில் காசில்லாததால் சில ஆண்டுகள் காத்திருந்து, 1901-ல்தான் திருமணம் செய்துகொண்டார்கள். ஊர் ஊராகப் போய் வாசித்தால் வீடும் இல்லை, எழுத நேரமும் இல்லை என்ற நிலை. டிராம்போனை வைத்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். 1905-ல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் சேர்ந்தவர், 1934-ல் இறக்கும்வரை அந்தப் பள்ளியை விடவில்லை.

சாவித்திரி கதை கேட்ட லண்டன்

நம் ஊருக்கும் இவருக்கும் ஒரு நெருக்கம் உண்டு. ரிக் வேதத்தை ஆங்கிலத்தில் படித்து வியந்த ஹோல்ஸ்ட், இருக்கிற மொழிபெயர்ப்புகள் பாடுவதற்குத் தோதாக இல்லை என்று சம்ஸ்கிருத வகுப்பில் சேர்ந்தார். பண்டிதராகிவிடவில்லை. அகராதியைப் புரட்டிப் புரட்டி, தானே மொழிபெயர்த்து வேதப் பாடல்களுக்கு இசையமைத்தார். எமனிடம் வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரியின் கதையை, மூன்றே பாத்திரங்கள் கொண்ட அரை மணி நேர இசை நாடகமாக்கினார்.

சத்தம் புகாத அறை

பகலில் பள்ளி, மாலையில் உழைக்கும் மக்கள் படிக்கும் மார்லி கல்லூரியில் வகுப்பு என்று வாரம் ஓடிவிடும். மிஞ்சுவது ஞாயிறும் விடுமுறையும்தான். 1913-ல் பள்ளியில் புதிய இசைக் கட்டடம் எழுந்தபோது, அவருக்கென்று சத்தம் புகாத ஓர் அறை கட்டிக்கொடுத்தார்கள். நன்றியாக, பள்ளி மாணவிகள் வாசிப்பதற்கென்றே ‘செயின்ட் பால்ஸ் சூட்’ எழுதினார். இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படும் படைப்பு அது.

1914-க்கும் 1916-க்கும் இடையே ‘கோள்கள்’ உருவானது. அவ்வளவு பெரிய இசைக்குழுவுக்கான குறிப்புகளைத் தனியே எழுதி முடிக்க அவர் கை ஒத்துழைக்கவில்லை. பள்ளியின் இசைத் துறையைச் சேர்ந்த வேலி லாஸ்கரும் நோரா டேயும் அவருக்குக் கைகளாக இருந்து எழுதினார்கள்.

1918 செப்டம்பர் 29. போர் முடியாத நேரம். நண்பர் பால்ஃபோர் கார்டினர் தன் செலவில் குயின்ஸ் ஹால் அரங்கையும் இசைக்குழுவையும் ஏற்பாடு செய்து பரிசாகத் தந்தார். ‘வியாழன்’ ஒலித்தபோது, நடைவழியில் துப்புரவு செய்துகொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஆடினார்களாம். கடைசிப் பகுதியான ‘நெப்டியூ’னில் கண்ணுக்குத் தெரியாத பெண் குரல்கள் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். அன்று அதைப் பாடியவர்களில் ஹோல்ஸ்டின் பள்ளி மாணவிகளும் இருந்தார்கள்!

புகழ் வந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோகிராஃப் கேட்டவர்களுக்கு, ‘நான் கையெழுத்துப் போடுவதில்லை’ என்று தட்டச்சு செய்த துண்டுச் சீட்டைக் கொடுத்தார். 1924-ல் உடல்நலம் குன்றிப் பல வேலைகளை உதறியபோதும் செயின்ட் பால்ஸ் பள்ளியை மட்டும் உதறவில்லை. இறப்பதற்கு முந்தைய ஆண்டிலும் அங்குள்ள இளைய மாணவிகளுக்காக ஒரு படைப்பு எழுதினார்.

அப்பாவின் மகள்

1907-ல் பிறந்த ஒரே மகள் இமோஜென், அதே பள்ளியில் படித்தார். பியானோ கலைஞராக விரும்பியவருக்கு இடது கை ரத்தக்குழாயில் பாதிப்பு. அப்பாவுக்கு மூடிய அதே கதவு! அவரும் அப்பாவைப் போலவே ஆசிரியரானார், இசை எழுதினார், பாடகர் குழுக்களை நடத்தினார். 1950-51 குளிர்காலத்தில் தாகூரின் சாந்திநிகேதனுக்கு வந்து, அங்கே சொல்லியும் கொடுத்தார், நம் இசையைக் கற்கவும் செய்தார்.

அப்பா மறைந்த நான்கே ஆண்டுகளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார் இமோஜென். பின்னர் அப்பாவின் இசையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் பாராட்டு மட்டும் இல்லை. அப்பாவின் எந்தப் படைப்பு எங்கே சறுக்கியது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். நேர்மையான காதுகளை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன வாத்தியாருக்கு, இதைவிட நல்ல குருதட்சணை என்ன இருக்க முடியும்?