தூரமானியும் வாய்மையும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது இப்பகுதி மக்களின் மரபு. படுவான்கரையில் விளையும் நெல் எழுவான்கரைக்கு வரவேண்டும். எழுவான்கரையிலிருந்து உரமும் எரிபொருளும் பிற பண்டங்களும் அக்கரைக்குச் செல்லவேண்டும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் மக்களையும் வண்டிகளையும் கடத்தியது ‘பாதை’ எனப்படும் மிதவையே. இன்று லொறிகளும் வான்களும் உழவு இயந்திரங்களும் பாலத்தின் மீதே ஓடுகின்றன. அவற்றுட் பல, ஒவ்வொரு குடும்பத்தின் சீவனோபாயமாக விளங்குபவை. ஆதலின், பழைய வாகனம் ஒன்றை வாங்க வருபவர் முதலிற் கேட்கும் கேள்வி, “எவ்வளவு ஓடியிருக்கிறது?” என்பதாகும்.

அக்கேள்விக்கு விடை கூறுவது தூரமானி. மக்கள் அதனை மீற்றர் என்றே சொல்லுவர். பழைய வாகனம் ஒன்றை முற்றாகக் கழற்றி, இயந்திரத்தைப் புதுக்கி, நிறந்தீட்டி மீளக் கட்டிய பின்னர், அத்தூரமானியைப் பூச்சியத்திலிருந்து தொடங்கச் செய்வது முறையாகுமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினா. இது சிறிய வினாப்போலத் தோன்றினும், விற்பவன் சொல்லுக்கும் வாங்குபவன் நம்பிக்கைக்கும் இடையேயுள்ள உறவைத் தொடுவதாகும்.

வண்டி சென்ற தூரத்தை அளக்கும் கருவி மோட்டார் வாகனத்துக்கு மிக முந்தியது. கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விற்றுரூவியஸ் என்னும் உரோமச் சிற்பநூலாசிரியர் அத்தகைய கருவியொன்றை விவரித்துள்ளார். நான்கடி விட்டமுள்ள சில்லு நானூறு முறை சுழன்றால் ஓர் உரோம மைல் கடந்ததாகும். அச்சில்லோடு இணைந்த பற்சில்லுகள் மைலுக்கொன்றாகச் சிறு கல்லை ஒரு வெண்கலப் பாத்திரத்தில் விழச்செய்யும். பயண முடிவிற் கற்களை எண்ணினால் தூரம் தெரியும். பிற்காலத்து மோட்டார் வாகனங்களிலும் தத்துவம் இதுவே. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கம்பி சுழல, எண் பொறித்த உருளைகள் ஒன்றையொன்று தள்ளின. இக்கால வாகனங்களில் உணரி ஒன்று சுழற்சியை எண்ண, மின்னணு நினைவகம் தொகையைக் காத்துவைக்கின்றது. உருளையைக் கையாலே திருப்பலாம். நினைவகத்தைக் கணினியாலே மாற்றலாம். ஆனால் பாத்திரத்திலிருந்து சில கற்களை அள்ளி எறிந்துவிடுவதனால் வண்டி வந்த வழி குறைந்துவிடுமா? குறையாது.

வாகனங்களைப் புதுக்கிக் கட்டும் தொழில் நம் நாட்டில் ஓங்கியிருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ளவற்றையே பேணி ஓட்டவேண்டியதாயிற்று. பழைய வாகனங்களின் விலையும் ஏறிற்று. வாவியும் கடலும் சூழ்ந்த இந்நிலத்தில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கின்றது. மாரிமழையில் வெள்ளம் வீதிகளை மூடுகின்றது. ஆகவே, கழிந்துபோகவேண்டிய வாகனத்துக்கு மீண்டும் உயிரூட்டும் திருத்துநரின் கைவண்ணம் பெரிதும் போற்றற்குரியது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று.

அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். “பிஸ்டன் புதிது, வளையங்கள் புதியன, பெயரிங்குகள் புதியன, சிலிண்டரையும் அளவெடுத்துக் கடைந்து செப்பஞ் செய்துள்ளோம். இவ்வியந்திரம் இன்னும் ஒரு கிலோமீற்றரும் ஓடவில்லை. இதற்கு மேல் 240,000 என்ற எண் நிற்பது உண்மையாகுமா? அவ்வெண்ணைக் கண்டவர் என் உழைப்பை மதியாது விலையைக் குறைக்கின்றார். பூச்சியமே இவ்வியந்திரத்தின் உண்மை” என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் ஒரு பாதி மெய். இயந்திரத்தைப் பொறுத்தவரை 240,000 என்பது பழைய கதையே.

மற்றைப் பாதி யாது? தூரமானி இயந்திரத்தின் உறுப்பன்று. அது முழு வாகனத்தின் கணக்கேடு. இயந்திரம் புதிதாயினும் அடிச்சட்டம் பழையது. அச்சு, சுக்கான் மூட்டுகள், பிரேக் குழாய்கள், சில்லுகளின் பெயரிங்குகள், மின்கம்பிகள் ஆகியன யாவும் அந்த 240,000 கிலோமீற்றரையும் ஓடியவை. ஓயாது வளைந்தும் அதிர்ந்தும் வந்த உலோகத்துக்குக் களைப்பு உண்டென்பது பொறியியலார் நன்கறிந்த செய்தி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்பு மெல்ல வளர்ந்து, ஒருநாள் உறுப்பையே முறித்துவிடும். பூச்சியம் என்ற எண் இவ்வுறுப்புகளெல்லாம் இன்று பிறந்தவை என்று சொல்லிவிடுகின்றது. இயந்திரத்தைப் பற்றிய ஓர் உண்மையைக் கூறும்பொருட்டு ஏனைய உறுப்புகளைப் பற்றிப் பல பொய்களை அது கூறுகின்றது.

இதனால் விளையும் தீங்கு விலையோடு நிற்பதன்று. அத்தகைய வானொன்றைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்காக ஒருவர் வாங்குகின்றார் எனக் கொள்வோம். மனைவியின் நகையை அடகுவைத்த பணம் அது. தூரமானி 40,000 காட்டும்போது, சுக்கான் மூட்டைப் பார்க்க இன்னும் காலமுண்டென்று அவர் எண்ணுவார். உண்மையில் அது 280,000 கிலோமீற்றர் உழைத்துவிட்டது. பல இயந்திரங்களிலுள்ள ரைமிங் பெல்ற் என்னும் வாரை ஏறக்குறைய 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுமாறு உற்பத்தியாளர் அறிவுறுத்துவர். ஓட்டத்தைக் குறைத்துக் காட்டிய வாகனத்தில் அந்நாள் வந்ததே தெரியாது. வார் அறுந்தால், பல இயந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே சிதையும். விற்றவரோ அப்போது அருகில் இருக்கமாட்டார்.

இனி, வேறொரு நிலைமையும் உண்டு. தூரமானியே பழுதாகி, வேறொன்று பூட்டப்படும்போது பழைய எண்ணை அதில் ஏற்ற இயலாமற் போகலாம். இங்கே எண் மாறுவதில் வஞ்சகம் இல்லை. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டம் செவ்விய வழியொன்றை வகுத்துள்ளது. ஏமாற்றும் நோக்கத்தோடு தூரமானியை மாற்றுவதை அந்நாடு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்தது. ஆயினும், பழுதுபார்த்த தூரமானியில் முன்னைய எண்ணைக் காட்ட இயலாவிடின், அதனைப் பூச்சியத்தில் வைத்து, முன்னிருந்த எண்ணையும் மாற்றிய நாளையும் எழுதி, இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிவைக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. எண்ணை மாற்றுவது வேறு, மறைப்பது வேறு என்னும் நுட்பத்தை இவ்விதி எவ்வளவு தெளிவாகக் காட்டுகின்றது! ஜேர்மனி 2005ஆம் ஆண்டில் தூரமானி மோசடியைக் குற்றமாக்கியது. பெல்ஜியத்தில் 2006ஆம் ஆண்டு முதல், பழைய வாகனத்தை விற்பவர் அதன் ஓட்டத்தூர வரலாற்றுச் சான்றையும் வாங்குபவரிடம் கொடுக்கவேண்டும். நம் நாட்டிலும், வர்த்தகர் நுகர்வோரைத் தவறான வழியிற் செலுத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கின்றது.

சட்டம் எட்டாத இடத்தையும் ஒரு சிறு கொப்பி எட்டும். திருத்துநர் இயந்திரத்தைப் புதுக்கும்போது, எத்தனையாவது கிலோமீற்றரில், எந்நாளில், எவ்வெவ் உறுப்புகளை மாற்றினார், எவற்றை மாற்றாது விட்டார் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். உதிரிப்பாகங்களின் பற்றுச்சீட்டுகளையும் அதனோடு இணைக்கட்டும். தூரமானி 240,000இல் தொடர்ந்து ஓடட்டும். அப்போது அவருடைய உழைப்பும் மறையாது. வாகனத்தின் வயதும் மறையாது. தூரமானியாற் சொல்லமுடியாத செய்திகளையும் அக்கொப்பி சொல்லும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கிக் கல்லடி, நாவலடிப் பகுதிகளை அழித்ததை நாம் மறவோம். உப்புநீரில் மூழ்கி எழுந்த ஒரு வாகனத்தின் மின்கம்பிகளுள் அரிப்பு நெடுங்காலம் வேலைசெய்யும். தூரமானிக்கு வெள்ளமும் தெரியாது, கடலும் தெரியாது. எழுதிவைத்த மனிதனுக்கே தெரியும்.

வாங்குபவரின் பொறுப்பையும் ஈண்டுக் கூறாதுவிடின் நம் ஆராய்ச்சி ஒருபக்கம் சாய்ந்ததாகும். குறைந்த எண்ணை மட்டுமே தேடி, ஒழுங்காகப் பேணப்பட்ட வாகனத்தை எண் கூடியதென்று தள்ளுபவர், பொய்யெண்ணுக்குத் தாமே விலை கொடுக்கின்றார். 240,000 கிலோமீற்றரையும் அதற்குரிய கணக்கையும் ஒளியாது காட்டும் விற்பனையாளருக்கு நியாயமான விலை கிடைக்குமாயின், தூரமானியைத் திருப்புபவருக்கு வேலை குறையும். வணிகர்க்குரிய அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். துலாக்கோலுக்குரிய அந்நடுவுநிலைமை, விற்பவர் வாங்குபவர் ஆகிய இருவர்க்கும் பொதுவானதன்றோ?

கல்லடியில் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனிங் சீமாட்டி பாலம் வாவிக்குக் குறுக்கே இன்றும் நிற்கின்றது. அதன் அருகே 2013ஆம் ஆண்டிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்துக்கு எத்தனை முறை வண்ணம் பூசினாலும் அது 1924ஆம் ஆண்டுப் பாலமே. அதன் வயதை அறிந்திருப்பதனாலேயே அதற்கேற்ற பாரத்தை அதில் ஏற்றுகின்றோம். வாகனத்தின் வயதும் அத்தகையதே. முதுமை குற்றமன்று, புதுக்கிய கை நல்லதாயின் முதிய வாகனமும் நெடுநாள் உழைக்கும். அது எவ்வளவு தூரம் வந்தது என்பதை, அதில் ஏறி வாவியைக் கடப்பவர் அறிந்திருக்கவேண்டும்.