பதிலுக்கு இடம் விட்டு எழுதுவோர்

விண்கப்பலின் இயந்திர அறையில் புகை சூழ்கிறது. தலைமைப் பொறியாளர் மருத்துவரை அழைத்து, அடிபட்ட இருவரையும் இங்கேயே வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார். அடுத்த வரியில் மருத்துவரின் பெயர் இருக்கிறது. பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தோடு கடிதம் நகர்ந்து, குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் மின்னஞ்சலில் போய்ச் சேர்கிறது. பொறியாளராக எழுதியவர் ஒரு நாட்டில் இருப்பார், மருத்துவராக எழுத வேண்டியவர் இன்னொரு நாட்டில் இருப்பார். நாளையோ மறுநாளோ அவர் அந்த இடத்தை நிரப்பி, கதையைத் தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்த்தி, மற்றொருவருக்கு ஓர் இடத்தை விட்டு அனுப்புவார். மின்னஞ்சல் வழி ஆடப்படும் விண்கப்பல் கதையாட்டம் என்பது இவ்வளவுதான். இந்த ஆட்டத்தின் உயிர் விண்கலத்திலோ வேற்றுக்கிரகத்திலோ இல்லை, அந்த வெற்றிடத்தில் இருக்கிறது. இடம் விட்டுப் பாடவும், பதிலை எதிர்பார்த்துக் கடிதம் எழுதவும் பழகிய தென்காசி, குற்றாலச் சீமைக்கு அது புதிய பாடமும் இல்லை. நம் இளைஞர்கள் இதில் சேர வேண்டும், தமிழிலும் இதைத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அஞ்சலட்டையில் காய் நகர்த்தி ஊர்விட்டு ஊர் சதுரங்கம் ஆடும் பழக்கம் மிகப் பழையது. 1959-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிப்ளமசி' என்ற பலகை ஆட்டத்தை 1963 முதல் தபாலிலேயே ஆடத் தொடங்கினார்கள். ஏழு பேர் ஏழு வல்லரசுகளாகி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பேரம் பேசுவதே அதில் முக்கால் பங்கு. 1966-இல் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர் வந்து, ஒரு விண்கப்பலையும் அதன் பணியாளர்களையும் லட்சக்கணக்கானோர் மனத்தில் குடியேற்றியது. 1974-இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு கூடிக் கதை வளர்க்கும் முறைக்கு விதிகள் வகுத்தது. 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக் காட்டிய மின்னஞ்சல், 1990-களில் வீடுகளுக்குள் வந்தது. தபால், விண்கப்பல், பாத்திரம், மின்னஞ்சல் என்ற நான்கும் சேர்ந்த இடத்தில் இந்த ஆட்டம் பிறந்தது. 1994-இல் தொடங்கிய 'ஸ்டார்பேஸ் 118' போன்ற குழுக்கள் பல தலைமுறை எழுத்தாளர்களைக் கண்டுவிட்டன.

சேருவதற்குப் பணம் வேண்டாம், விலை உயர்ந்த கணினியும் வேண்டாம். முதலில் ஒரு பாத்திரத்தை உருவாக்கி விண்ணப்பிக்க வேண்டும்: பெயர், பிறந்த கோள், வளர்ந்த விதம், கற்ற தொழில், பயப்படும் விஷயம். குறையே இல்லாத வீரனை எந்தக் குழுவும் விரும்பாது, அவனை வைத்துக் கதை நடத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு மாதிரிக்கு ஒரு காட்சி எழுதச் சொல்வார்கள். சில குழுக்களில் சிறு பயிற்சிக் காலமும் உண்டு. அது முடிந்ததும் கடைநிலை அதிகாரியாகக் கப்பலில் இடம் கிடைக்கும். கப்பல் ஓட்டுதல், பொறியியல், மருத்துவம், பாதுகாப்பு, அறிவியல் என்று ஏதாவது ஒரு துறை. கேப்டனாக எழுதுபவர்தான் ஆட்டத்தை நடத்துபவர். பயணத்தின் நோக்கத்தை அவர் சொல்வார், சிக்கலை அவிழ்த்துவிடுவார். தீர்வை மட்டும் சொல்ல மாட்டார். வாரத்துக்கு இத்தனை கடிதமாவது எழுத வேண்டும் என்ற அளவு பெரும்பாலும் இருக்கும். தேர்வோ திருமணமோ வந்தால் முன்கூட்டிச் சொல்லி விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து பொறுப்பாக எழுதுபவருக்குப் பதவி உயரும், ஒருநாள் அவரே ஒரு கப்பலுக்குக் கேப்டனாகவும் ஆகலாம்.

விதிகளில் தலையாயது ஒன்று: அடுத்தவருடைய பாத்திரத்தின் செயலையும் எண்ணத்தையும் நீங்கள் எழுதக்கூடாது. "நான் சுட்டேன்" என்று எழுதலாம். "அவன் விழுந்தான்" என்று எழுதக்கூடாது. விழுவதா விலகுவதா என்பது அவனை எழுதுபவரின் உரிமை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி, எழுதுகிறவரின் பழக்கத்தையே புரட்டிப்போடுகிறது. தனியாகக் கதை எழுதுபவர் எல்லாப் பாத்திரங்களுக்கும் எஜமானர். இங்கே அவர் பலரில் ஒருவர். தான் எழுதும் ஒவ்வொரு பத்தியும் இன்னொருவருக்குப் பிடி கொடுக்க வேண்டும். ஒரு கேள்வி, பாதி திறந்த கதவு, விளங்காத ஓர் ஓசை என்று எதையாவது விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே முடித்துவிடும் கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கப்பலுக்கு அது பாரம்தான். அதனால் பிறர் எழுதியதை ஊன்றிப் படிக்காமல் ஒருவரும் இங்கே நல்ல எழுத்தாளராக முடியாது.

இந்த ஒழுக்கத்தைத் தென்மாவட்டத்துக் கோயில் கொடைகளில் யாரும் பார்க்கலாம். வில்லுப்பாட்டில் வீசுகோல் பிடித்த புலவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். வரியின் முனையை அவர் விடும் இடத்தில் பக்கப்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் போடும் "ஆமா" இல்லாவிட்டால் கதை நடக்காது. குடமும் உடுக்கையும் தமக்கு விட்ட இடைவெளியில்தான் பேசும். இரட்டைப் புலவர்களைப் பற்றியும் மரபு இதையே சொல்கிறது: நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் சுமக்க, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பாராம். குற்றாலக் குறவஞ்சியில் குறவன் சிங்கன் கேட்பதும் அவன் மனைவி சிங்கி விடை சொல்வதுமாக அமைந்த பகுதி இன்றும் மக்களைக் கவர்வதற்குக் காரணம், ஒவ்வொரு வரியும் மறுவரியை இழுத்துவருவதுதான். அங்கே இரண்டு குரலையும் எழுதியவர் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் ஒருவரே. விண்கப்பலில் சிங்கனை ஒருவர் எழுதுவார், சிங்கியை இன்னொருவர் எழுதுவார். அவள் என்ன சொல்வாள் என்பது சிங்கனுக்கு உண்மையிலேயே தெரியாது.

கடித மரபுக்கும் இந்த மண்ணில் பெரிய சான்று உண்டு. தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1881-1954) திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தினார். பின்னாளில் குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு நூலாகவே வந்தன. ஒரு பாட்டை நண்பர் எப்படி அனுபவித்தார் என்று அறியும் ஆவல் அவருக்குக் கடைசிவரை குறையவில்லை. ரசனை என்பது தனியாள் சொத்து அன்று, இன்னொருவரிடம் சொல்லி அவர் பதிலில் வளர்வது என்று அவர் வாழ்க்கை காட்டியது. விண்கப்பல் ஆட்டக்காரர் ஒருவர் தன் கடிதத்துக்கு வரும் மறுகடிதத்துக்காகக் காத்திருப்பதும் அதே வகை ஆவல்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நேராகப் பார்க்க வேண்டும். விண்கப்பல் நமக்கு அந்நியம், அமெரிக்கத் தொலைக்காட்சியின் கனவு என்பது ஒன்று. அந்தக் குழுக்கள் பலவற்றின் பின்னணி 'ஸ்டார் டிரெக்' என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவின் ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் மகேந்திரகிரி, குற்றாலம் சாய்ந்திருக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. சுஜாதாவின் அறிவியல் புனைகதை 'என் இனிய இயந்திரா' 1980-களிலேயே வந்துவிட்டது. விண்வெளியைத் தொழிலாகச் செய்கிற சீமை, அதைக் கதையாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. தவிரவும், நூறு பேர் ஒரு கப்பலுக்குள் தண்ணீரையும் காற்றையும் பங்கிட்டு, சண்டையிட்டு, சமாதானமாகி வாழும் கதை நம் தெருக்களின் கதைக்கு வெகு தூரத்தில் இல்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்பது அடுத்த கேள்வி. வேகம்தான் வேண்டும் என்றால் மின்னஞ்சல் தோற்றுப்போகும். இந்த ஆட்டத்துக்கு வேண்டியது அதுவன்று. அரட்டையில் பதில் உடனே வர வேண்டும், வராவிட்டால் கோபம் வரும். கடிதத்தில் ஒருநாள் யோசிக்கலாம், அடித்துத் திருத்தலாம், இரவு வேலைக்குப் போகிறவரும் பகலில் படிப்பவரும் ஒரே காட்சியில் சேர்ந்து எழுதலாம். மேலும் மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்தின் கோட்டைக்குள்ளும் அடங்கியதன்று. ஒருவர் ஜிமெயிலிலும் இன்னொருவர் சோஹோவிலும் இருந்தபடி ஒரே கப்பலில் பயணம் செய்யலாம். அந்தச் சோஹோ நிறுவனத்துக்குத் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே அலுவலகம் இருக்கிறது என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இது நேரத்தை வீணாக்கும், முகம் தெரியாதவர்களோடு பழகுவது ஆபத்து என்ற பெற்றோரின் கவலையைத் தள்ளிவிட முடியாது. எந்த ஆட்டமும் அளவு மீறினால் கெடுதல்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதம் எழுதும் ஆட்டம், இரவெல்லாம் கண்ணைக் கட்டிப்போடும் விளையாட்டுகளைப் போன்றதன்று. ஆடும் நேரம் முழுக்கப் படிப்பும் எழுத்துமாகவே கழிகிறது. பாதுகாப்புக்கு வழி உண்டு. இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது, பாத்திரத்தின் பெயரிலேயே பழகுவது, வீட்டு முகவரியும் படமும் தராதிருப்பது, குழுவின் வயது வரம்பையும் நடத்தை விதிகளையும் பெற்றோரே ஒருமுறை படித்துப் பார்ப்பது ஆகிய நான்கையும் கடைப்பிடிக்க வேண்டும். எழுதும் இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகு எல்லாரும் அவற்றிடமே எழுதி வாங்கிவிடுவார்களே என்ற ஐயமும் நியாயமானது. இயந்திரம் அந்த வெற்றிடத்தை நொடியில் நிரப்பிவிடும். ஆனால் அந்த இடம் நிரம்ப வேண்டும் என்பதற்காக விடப்பட்டதா? இன்னார் என்ன சொல்வார் என்று அறிவதற்காக விடப்பட்டது. நண்பருக்குப் பதிலாக வேறு யாரோ எழுதிய கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தால்தான் என்ன?

மொழிதான் மிஞ்சும் தடை. இத்தகைய குழுக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதிப் பழக அது நல்ல களம் என்று கொண்டு அங்கே சேரலாம். அத்தோடு நிற்க வேண்டாம். 1990-களில், தமிழ் எழுத்துரு கிடைப்பதே பாடாக இருந்த நாளில், மின்னஞ்சல் குழுவில் சந்தித்த தமிழர்கள் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கு.கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் நேரில் பாராமலே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, இலவசமாக உலகுக்குக் கொடுத்தார்கள். அஞ்சலில் கூடி அவ்வளவு பெரிய பணியைச் செய்த மொழிக்கு ஒரு கப்பல் ஓட்டுவது முடியாத காரியமா? ஆறு பேர் போதும். கல்லூரித் தமிழ் மன்றமோ ஊர் நூலக வாசகர் வட்டமோ தொடங்கலாம். ஒருவர் கேப்டனாகட்டும், ஐவர் ஆளுக்கொரு துறையை எடுத்துக்கொள்ளட்டும். சாரல் பொழுதில் வெளியே போக முடியாத ஒரு மாலையில் முதல் கடிதத்தை எழுதலாம். அதன் கடைசி வரியில் அடுத்தவரின் பெயரை எழுதி, எதிரே உள்ள இடத்தை அவருக்கு விட்டுவிட வேண்டும்.