ஆட்சிக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

புதுக்கோட்டைச் சீமையில் அரசும் சாமியும் ஒட்டியே இருந்தன. தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அரசு வெளியிட்ட அம்மன் காசில் திருக்கோகர்ணத்து அம்மனான அந்தப் பிரகதாம்பாள் வீற்றிருந்தாள். நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசும் தானமாகக் கொடுக்கப்பட்டது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் வரி கட்டியது அம்மன் பேரால் நடந்த அரசுக்குத்தான்.

அந்த அரசில் ஒரு நிர்வாகியை மக்கள் எதை வைத்து எடைபோட்டார்கள்? 1878-இல் பொறுப்புக்கு வந்த சேஷய்ய சாஸ்திரியை எடுத்துக்கொள்வோம். அப்போது நிலவரி ‘அமானி’ முறையில் இருந்தது. விளைச்சலில் அரசுக்கும் உழுதவனுக்கும் பங்கு. ஆனால் சர்க்கார் ஆள் வந்து பார்க்கும்வரை கதிரில் அரிவாள் வைக்கக் கூடாது. ஆள் வரத் தாமதமானால் நெல் வயலிலேயே உதிரும், திருடு போகும், காவல்காரன் கைக்கும் போகும். நட்டம் இரு தரப்புக்கும். சாஸ்திரி அதை ஒழித்துப் பணமாகக் கட்டும் நிரந்தரத் தீர்வையைக் கொண்டுவந்தார். நகரத்தின் குளங்களைச் சீரமைத்தார். இன்றும் ஊர் அவர் பேரைச் சொல்கிறது.

ஆனாலும் கணக்குப் பார்க்கிறவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் 1876-78 தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டி முடித்திருந்தது. பஞ்ச வருஷத்தோடு ஒப்பிட்டால் யார் ஆண்டாலும் முன்னேற்றமாகத்தான் தெரியும். இன்னொன்று, அமானியில் விளைச்சல் பொய்த்தால் அரசின் பங்கும் குறையும். பணத் தீர்வையில் அந்தச் சுமை உழுதவன் தலையில் விழும். சாஸ்திரி செய்தது நல்ல சீர்திருத்தம் என்பதே என் கருத்து. அந்தத் தீர்ப்புக்கு அம்மன் காசு சாட்சி இல்லை, களத்து நெல்தான் சாட்சி.

இன்றைக்கு வருவோம். நம் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறவர். இங்கே கணக்குக் கேட்க வேண்டியது முதலமைச்சரிடமும் அமைச்சரவையிடமும்.

அவர்கள் கையில் எது இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபிறகு மாநிலம் தன் விருப்பப்படி வரியை ஏற்றி இறக்கும் இடம் சுருங்கிவிட்டது. பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி ஆகியவைதான் பெரும்பாலும் மிச்சம். மத்திய வரிப் பகிர்வில் 15-ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு. மழை, உலகச் சந்தை, ஒன்றிய அரசின் முடிவு ஆகியவற்றால் வந்த லாபத்தையும் நட்டத்தையும் முதலமைச்சர் கணக்கில் எழுதக் கூடாது.

கடனைப் பற்றிய பேச்சில்தான் குழப்பம் அதிகம். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2020-21-இன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய், மொத்தக் கடன் சுமார் 5.70 லட்சம் கோடி என்றார். 2020-21 கொரோனா வருஷம். அந்த ஒரு வருஷத்தை மட்டும் வைத்து அதிமுக ஆட்சியை அளப்பது நியாயமாகாது. ஆனால் 2012-13 வரை வருவாய் உபரியாக இருந்த மாநிலம் அடுத்த வருஷமே பற்றாக்குறைக்குப் போனது, அதற்குக் கொரோனா காரணமில்லை. திமுக ஆட்சியிலும் கடன் ஏறியது. 2025 மார்ச் இறுதியில் அது 8.33 லட்சம் கோடியாக இருக்கும் என்று அந்த அரசின் வரவு செலவுத் திட்டமே மதிப்பிட்டது. கடன் தொகையைவிட முக்கியம் அது போன இடம். கால்வாய்க்கும் சாலைக்கும் போன கடன் பின்னால் வருமானம் தரும். சம்பளத்துக்கும் வட்டிக்கும் போன கடன் தராது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கான அளவுகோல் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய். கண்மாயையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய இந்தப் பக்கத்துக்கு அதைவிடப் பெரிய பொருளாதாரக் கேள்வி இல்லை. 14,400 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21-இல் இதே மாவட்டத்துக் குன்னத்தூரில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். ஐந்து நாளில் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. முதல் கட்டம் தெற்கு வெள்ளாறு வரை 118 கிலோமீட்டர். அடிக்கல் நாட்டியவரையும் அடுத்து வந்தவர்களையும் ஒரே கேள்வி கேட்கலாம்: எத்தனை கிலோமீட்டர் வெட்டினீர்கள்?

இப்படி ஆட்சிக் கணக்கைச் சொல்லாமல் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு அதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கோயில், மசூதி, தேவாலய வளாகங்களைக் கட்சிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பக்தி உள்ளவர் அரசியலுக்கு வரக் கூடாது என்று இவற்றுக்கு அர்த்தமில்லை. கோயில் நிலக் குத்தகை, வக்பு சொத்து பற்றி ஓட்டுக் கேட்கும் கூட்டத்தில் தாராளமாகப் பேசலாம், அவை ஆட்சி விஷயங்கள். “நீ இந்த மதம், அதனால் எனக்குப் போடு” என்பதுதான் தப்பு.

தேர்தலில் அப்படி நடந்தால், முடிவு வெளியான 45 நாளுக்குள் அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். முறைகேடு நிரூபணமானால் வெற்றி செல்லாது. ஆறு ஆண்டு வரை போட்டியிடத் தடையும் வரலாம்.