மலைக்கு மேல் பறக்கும் சிறு கருவி: வேகக் கட்டுப்படுத்தியின் வயர்களும் எடையும்

மண்சரிவு நடந்த இடங்களுக்கு மேலே சிறியதொரு கருவி இரைந்துகொண்டு பறப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நான்கு விசிறிகள், நடுவில் ஒரு கமரா. பிள்ளைகள் இதை ட்ரோன் என்கிறார்கள். கால் வைக்க முடியாத சரிவுகளைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தினர் இத்தகைய கருவிகளைக் கொண்டு படமெடுத்து அளவிடுகின்றனர். வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு அந்தப் படம் சாதாரண விடயமல்ல. திரும்பிப் போகலாமா, கூடாதா என்ற தீர்மானத்துக்கு அதுவும் ஓர் ஆதாரம்.

"பாதர், காற்றடிக்கும்போதும் இது எப்படி ஒரே இடத்தில் நிற்கிறது?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். சிலர் இதைப் பழுது பார்க்கும் தொழிலைப் பழகவும் விரும்புகின்றனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வேகத்தை ஆளும் கருவி

ட்ரோன், மாதிரி விமானம் பறக்கவிடும் பொழுதுபோக்கின் வழியே வளர்ந்தது. பழைய மாதிரி விமானங்கள் சிலவற்றில் மோட்டரின் வேகத்தைக் குறைக்க, மின்சாரத்தைத் தடைக்கம்பி ஒன்றின் ஊடாக அனுப்பினார்கள். குறைத்த மின்சாரமெல்லாம் வெப்பமாகி வீணானது. இன்றைய மின்வேகக் கட்டுப்படுத்தி மின்சாரத்தை ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை விட்டும் நிறுத்தியும் வேகத்தை ஆளுகிறது. விடும் நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும்.

ட்ரோனில் நான்கு மோட்டர்களுக்கும் தனித்தனிக் கட்டுப்படுத்தி உண்டு. சில கருவிகளில் நான்கும் ஒரே பலகையில் இருக்கும். காற்று ஒரு பக்கத்தைத் தாழ்த்தினால், நடுவிலுள்ள கணினிப் பலகை அதை உணர்ந்து, அந்தப் பக்க மோட்டர்களை வேகமாகச் சுழற்றும்படி கட்டளை அனுப்புகிறது. அசையாமல் நிற்பதுபோல் தெரிவது, உண்மையில் இடைவிடாத திருத்தமே.

மூன்று வகை வயர்கள்

முதலாவது, பற்றரியிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டு. இவற்றை மாற்றிப் பூட்டினால் கட்டுப்படுத்தி அக்கணமே எரிந்துவிடக்கூடும்.

இரண்டாவது, மோட்டருக்குப் போகும் மூன்று வயர்கள். இவற்றில் ஏதேனும் இரண்டை மாற்றிப் பூட்டினால் மோட்டர் எதிர்ப்பக்கமாகச் சுழலும், பழுதாகாது. நான்கு விசிறிகளில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல வேண்டும் என்பதால் இதைப் பரிசோதித்தே ஆகவேண்டும். பரிசோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிடுங்கள். அவை விரலை வெட்டும்.

மூன்றாவது, கட்டளை கொண்டுவரும் மெல்லிய வயர்கள்.

பற்றரி வயரை நீட்டக் கூடாது. தண்ணீர்ப் பைப்பைத் திடீரென மூடினால் நீண்ட குழாய் 'டொக்' என்று அதிர்வதை அறிவீர்கள். ஓடிவந்த நீர் உடனே நிற்க மறுப்பதே காரணம். நீண்ட பற்றரி வயரில் மின்சாரமும் அப்படியே. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மின்னழுத்தம் குத்தென்று உயர்ந்து, கட்டுப்படுத்தியின் வாயிலிலுள்ள கொள்ளளவிகளைப் பழுதாக்கும். தூரம் அவசியமானால் மோட்டர்ப் பக்க வயர்களை நீட்டுவதே மேல்.

தடிப்பும் எடையும்

வீட்டு மின்விளக்குக்குப் போடும் 1 சதுர மில்லிமீற்றர் வயரில், ஒரு மீற்றருக்குச் செம்பு மட்டும் ஏறக்குறைய 9 கிராம். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 22 கிராம். ஆனால் 30 அம்பியர் ஓடும்போது, முதலாவது வயர் மீற்றருக்குச் சுமார் 16 வாற்று வெப்பத்தை வீணாக்கும். இரண்டாவது 6 முதல் 7 வாற்றுதான். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே மெல்லிய வயர் சூடாகும். தடித்த வயர் சுமையாகும். தேவையான தடிப்பில், இயன்றளவு குறுகிய வயர் போடுவதே வழி. சிலிக்கன் உறையுள்ள, பல நுண்கம்பிகள் கொண்ட வயரே இதற்கு ஏற்றது.

30 அம்பியர் கட்டுப்படுத்திகளில் சில 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். அத்தகைய நான்குக்கு 100 முதல் 120 கிராம் வரை. ஒவ்வொரு கிராமும் பறக்கும் நேரத்தைக் குறைக்கும். சுமை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கொழுந்துக் கூடை ஒரு பக்கம் சரிந்தால் நடையே தடுமாறும் என்பதை நம் தாய்மார் அறிவர். ட்ரோனிலும் எடை நடுவில் சமமாக அமைய வேண்டும்.

நமது மலையில்

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடச் சுமார் 13 வீதம் குறைவு. அதே சுமையைத் தூக்க விசிறி ஏறக்குறைய 7 வீதம் வேகமாகச் சுழல வேண்டும். மெல்லிய காற்று கட்டுப்படுத்தியைக் குளிர்விப்பதும் குறைவு. எனவே தேவைக்குச் சற்றுக் கூடிய அம்பியர் தாங்கும் கட்டுப்படுத்தியைத் தெரிவு செய்யுங்கள். அளவு மிஞ்சினால் எடை ஏறும். பனிமூட்டத்தில் ஈரம் உட்புகும். அப்போது பறக்கவிட வேண்டாம்.

லிதியம் பற்றரி உப்பினாலோ துளைபட்டாலோ தீப்பற்றலாம். முகாமிலும் லயத்துக்குள்ளும், ஆளில்லாத வேளையில் சார்ஜ் போட வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை அறியாமல் பறக்கவிடவும் வேண்டாம்.

படத்துக்குப் பின்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே இருந்தனர். அறிவு இருந்தது; அது மக்களைப் பாதுகாப்பான நிலத்தில் குடியமர்த்தும் செயலாக மாறவில்லை.

ஆகவே, உங்கள் மலைக்கு மேல் இந்தக் கருவி பறந்தால், வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைய வேண்டாம். நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து, கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். அளவீட்டின் முடிவு என்ன, நமது வீடு நிற்கும் நிலம் எந்த வகையில் சேர்க்கப்பட்டுள்ளது, மாற்றுக் காணி எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். கடிதத்தின் பிரதியொன்றைத் திகதியிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.