பெயர் வைக்கும் பொறுப்பு யாருக்கு?

ஒரு பள்ளிக் கணினியில் மாணவர்களுக்கு ஓர் அட்டவணை, ஆசிரியர்களுக்கு ஓர் அட்டவணை. இரண்டிலும் 'பெயர்' என்றொரு நெடுவரிசை இருக்கிறது. எந்த மாணவிக்கு யார் வகுப்பாசிரியர் என்று தரவுத்தளத்தைக் கேட்டால் கவிதா, சரவணன் என்று இரண்டு பெயர்களும் ஒரே வரியில் ஒழுங்காக வந்துவிடும். வந்த பிறகுதான் வம்பு. பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்களில் பலர் அந்த வரியை டிக்சனரியாக மாற்றிக்கொள்வார்கள்; தலைப்பைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு அது. அதில் ஒரு தலைப்புக்கு ஒரே இடம்தான். 'பெயர்' என்ற இடத்தில் முதலில் கவிதா போய் உட்காருவாள். அதே தலைப்போடு சரவணன் வந்ததும் கவிதா இருந்த தடம் தெரியாமல் போய்விடுவாள். பிழைச் செய்தி வராது, நிரலும் நிற்காது. மாணவி பெயர் அச்சாக வேண்டிய இடத்தில் ஆசிரியர் பெயர் அச்சாகியிருக்கும். யாராவது பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் உண்டு.

தரவுத்தளங்களின் பொது மொழியான எஸ்கியூஎல்லில் இதற்கு மருந்து உண்டு. 'ஆஸ்' என்ற ஒரு சொல்லைப் போட்டு, ஒன்றை 'மாணவர்_பெயர்' என்றும் மற்றதை 'ஆசிரியர்_பெயர்' என்றும் அழைக்கச் சொல்லலாம். 1992-ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலையிலேயே இந்த வசதி இருக்கிறது. நிரலாளர்கள் இதை ஏலியாஸ், மாற்றுப்பெயர் என்பார்கள். ஆனால் இன்று பைத்தானில் வேலை செய்பவர்கள் எஸ்கியூஎல்லை நேரடியாக எழுதுவது குறைவு. 2005-இல் வெளியான ஜாங்கோ, 2006-இல் வந்த எஸ்கியூஎல்ஆல்கெமி, பிறகு வந்த பீவீ போன்ற இடையடுக்குகளிடம் பைத்தான் மொழியிலேயே கேட்டால், அவை எஸ்கியூஎல் வாக்கியத்தைக் கட்டி அனுப்பிவிடும். இப்படியோர் அடுக்கில் மாற்றுப்பெயர் வசதியைச் சேர்ப்பது 'ஆஸ்' என்ற சொல்லையும் ஒரு பெயரையும் நெடுவரிசையின் பின்னால் ஒட்டும் பத்து நிமிட வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். அது அப்படியல்ல. அந்தப் பெயர் எங்கே செல்லும், எங்கே செல்லாது, அதில் எந்த எழுத்துகள் இருக்கலாம் என்ற மூன்றுக்கும் அடுக்கே பொறுப்பேற்றாக வேண்டும். ஏற்காவிட்டால் அந்த வசதி இல்லாமலிருப்பதே மேல்.

பெயரே வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று முதலில் பார்க்கலாம். ஒன்றையும் ஒன்றையும் கூட்டச் சொன்னால் எல்லாத் தரவுத்தளங்களும் இரண்டு என்றுதான் சொல்லும். அந்த விடையின் தலைப்பில்தான் வேறுபாடு. மைஎஸ்கியூஎல் கூட்டல் கணக்கையே தலைப்பாக்கும். போஸ்ட்கிரஸ் இரண்டு கேள்விக்குறிகளுக்கு நடுவே 'காலம்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துத் தரும். தலைப்பைக் காலியாகவே விடுவது எஸ்கியூஎல் சர்வரின் வழக்கம். எஸ்கியூலைட்டின் ஆவணம் இன்னும் வெளிப்படையானது: 'ஆஸ்' போடாவிட்டால் பெயர் என்னவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை, அடுத்த பதிப்பில் மாறவும் மாறலாம் என்கிறது. போஸ்ட்கிரஸிடம் கட்டணத்தின் கூட்டுத்தொகை, அபராதத்தின் கூட்டுத்தொகை என்று இரண்டைக் கேட்டால் இரண்டுக்கும் 'சம்' என்ற ஒரே தலைப்புதான் கிடைக்கும்; கவிதாவுக்கு நேர்ந்தது இப்போது பணத்துக்கு நேரும். பைத்தானுக்கும் தரவுத்தளங்களுக்கும் இடையிலான பொது ஒப்பந்தமான பெப் 249, விடையோடு நெடுவரிசைப் பெயரும் வர வேண்டும் என்கிறதே தவிர, அந்தப் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தலையிடுவதில்லை.

'பெயர்தானே, விடை வந்த பிறகு பைத்தானில் மாற்றிக்கொண்டால் போகிறது' என்பவர்கள் உண்டு. டிக்சனரியில் அழிந்துபோன பெயரை அதன் பிறகு எதைக் கொண்டு மாற்றுவது? அது போகட்டும். பெயர் தேவைப்படுவது காட்டுவதற்கு மட்டுமல்ல. மொத்த மதிப்பெண்ணின்படி வரிசைப்படுத்து, 400-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் எடு என்று சொல்லவும் வேண்டும். அந்த வேலைகள் தரவுத்தளத்துக்குள் நடப்பவை. அங்கே பெயரின் ஆட்சி எதுவரை என்பது ஒழுங்கற்ற சங்கதி. எஸ்கியூஎல் வாக்கியத்தில், வேண்டிய நெடுவரிசைகளைச் சொல்லும் 'செலக்ட்' முதலில் எழுதப்பட்டாலும், எந்த வரிகள் வேண்டும் என்று வடிகட்டும் 'வேர்' பகுதிதான் அதற்கு முன் செயல்படுவதாகக் கணக்கு. எனவே 'செலக்ட்' வைத்த பெயர் 'வேர்' பகுதிக்குத் தெரியாது. வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' பகுதிக்குத் தெரியும். எஸ்கியூலைட் இந்த விதியைத் தளர்த்தி 'வேர்' பகுதியிலும் மாற்றுப்பெயரை ஏற்கிறது. குழுக்களாகத் தொகுத்த பிறகு வடிகட்டும் 'ஹேவிங்' பகுதியில் மைஎஸ்கியூஎல் ஏற்கும், போஸ்ட்கிரஸ் ஏற்காது. போஸ்ட்கிரஸில் 'மொத்தம்' என்ற மாற்றுப்பெயரால் வரிசைப்படுத்தலாம். 'மொத்தம்' கூட்டல் ஒன்று என்று எழுதினால் அப்படியொரு நெடுவரிசையே இல்லை என்று கைவிரித்துவிடும்.

கையால் எஸ்கியூஎல் எழுதுகிறவர் இத்தனையையும் தலையில் வைத்திருக்க வேண்டும். அடுக்குக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெயரை வெறும் எழுத்துச்சரமாக வைத்துக்கொள்ளாமல், எந்தக் கணக்குக்கு அந்தப் பெயர் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருந்தால், செல்லுபடியாகும் இடத்தில் பெயரையும் செல்லாத இடத்தில் முழுக் கணக்கையும் எழுதிவிடலாம். எஸ்கியூஎல்ஆல்கெமி இதைத்தான் செய்கிறது: வரிசைப்படுத்தும்போது பெயர், வடிகட்டும்போது கணக்கு. ஜாங்கோ 2021-இல், 3.2 பதிப்பில், ஒரு படி மேலே போய், விடையில் வராமல் வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் மட்டுமே பயன்படும் பெயர்களுக்கென்று தனி வழியே திறந்தது.

ஆபத்தான பகுதி எழுத்துகள். ஒருவர் தேடல் கட்டத்தில் தட்டச்சு செய்யும் மதிப்பை எஸ்கியூஎல் வாக்கியத்தோடு ஒட்டாமல் தனியாக அனுப்புவது இன்று எல்லாரும் அறிந்த பாதுகாப்பு. உறைக்குள் இருக்கும் கடிதம் போல அது போகும்; வழியில் யாரும் அதைப் படித்து அதன்படி நடக்கப்போவதில்லை. மாற்றுப்பெயரோ உறையின் மேல் எழுதும் முகவரி. வாக்கியத்தின் உறுப்பாக அது படிக்கப்பட்டே தீரும், தனியாக அனுப்ப வழியே கிடையாது. 2022 ஏப்ரலில் ஜாங்கோ குழு அவசரமாகத் திருத்த வேண்டி வந்தது இந்த ஓட்டையைத்தான். வெளியிலிருந்து வந்த ஒரு டிக்சனரியின் தலைப்புகளை நிரலாளர் அப்படியே மாற்றுப்பெயர்களாக விரித்துவிட்டால், அந்தத் தலைப்புக்குள் ஒரு மேற்கோள் குறியை வைத்துப் பெயரை முடித்துவிட்டு, மிச்சத்தை எஸ்கியூஎல் கட்டளையாகவே தாக்குபவர் எழுத முடிந்தது. வெற்றிடம், மேற்கோள் குறி, அரைப்புள்ளி, எஸ்கியூஎல் குறிப்புரைக் குறிகள் ஆகியவை மாற்றுப்பெயரில் இருக்கக் கூடாது என்று ஜாங்கோ தடை போட்டது. கதை அத்தோடு முடியவில்லை. 2024 ஆகஸ்டில் ஜேசன் தரவின் தலைப்பு வழியாக இதே வகை ஓட்டை. 2025 செப்டம்பரில் வேறொரு வழி. அக்டோபரில் மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டுக்கும் மட்டும். அவற்றில் '#' குறியும் குறிப்புரையைத் தொடங்கும் என்பதால் அதையும் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள்.

'ஓட்டை விழுந்ததே அந்த அடுக்கில்தானே, அதை எதற்கு நம்புவது' என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கையால் எழுதியிருந்தால் இதே ஓட்டை ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு கோப்பிலும் இருந்திருக்கும், யாரும் அறிவிப்பு வெளியிட்டிருக்க மாட்டார்கள். ஓரிடத்தில் குவிந்த தவறை ஓரிடத்தில் திருத்த முடிந்தது. என் குறை வேறு: தடைப்பட்டியல் என்ற முறையே தளர்வானது. எவையெல்லாம் கூடாது என்று எண்ணிக்கொண்டே போனால், '#' போல ஒன்று எப்போதும் விட்டுப்போகும்.

எழுத்துகளை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது என்பதற்குத் தமிழே சாட்சி. போஸ்ட்கிரஸ் ஒரு பெயருக்கு 63 பைட்டுகள்தான் இடம் தருகிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும்கூடத் தனித்தனியே மூன்று பைட்டுகள் பிடிக்கும். 'மாணவர்களின்_மொத்த_மதிப்பெண்' என்ற பெயருக்கு 77 பைட்டுகள் ஆகின்றன. போஸ்ட்கிரஸ் மறுக்காது, ஓர் அறிவிப்பை மட்டும் போட்டுவிட்டு 'மாணவர்களின்_மொத்த_மதிப' என்று நறுக்கிவிடும். பக்கத்திலேயே 'மாணவர்களின்_மொத்த_மதிப்பீடு' என்று இன்னொரு நெடுவரிசை இருந்தால் அதுவும் நறுக்கப்பட்டு இதே பெயராகிவிடும். இரண்டும் டிக்சனரிக்குள் போனால் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆகவே அறிக்கையின் தலைப்பைப் பயனரே தேர்ந்தெடுக்கும் இடங்களில், அந்தத் தலைப்பைத் தரவுத்தளம் வரை கொண்டுபோகவே வேண்டாம் என்பேன். தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும், வெற்றிடத்தோடு, தமிழில், எவ்வளவு நீளத்திலும். அடுக்கு தானாகவே 'சம்_1', 'கவுன்ட்_1' போன்ற பெயர்களைச் சூட்டி வாக்கியத்தை அனுப்பி, விடை திரும்பியதும் எந்தப் பெயருக்கு எந்தத் தலைப்பு என்று தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்துப் பொருத்தட்டும். பெயரிடாத கூட்டுத்தொகைகளுக்கு எஸ்கியூஎல்ஆல்கெமி இன்றும் இப்படித்தான் பெயர் சூட்டுகிறது. இதில் ஒரு நட்டமும் உண்டு: இரவில் ஏதோ பழுதென்று தரவுத்தளத்தின் பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு 'சம்_3' என்பது எந்தக் கூட்டுத்தொகை என்று சட்டென்று விளங்காது. அடுக்கு தன் பட்டியலையும் பதிவேட்டில் எழுதிவைத்தால் அந்தத் தொல்லை பாதி குறையும்.