எலிவால் அருவியின் வேகம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ் டம்டம் பாறையை நெருங்கினால் போதும், ஒரு பக்கத்து ஜன்னல்களில் தலைகள் முண்டியடிக்கும். பள்ளத்தாக்குக்கு அப்பால் கரும்பாறையில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தொங்குகிறது தலையாறு அருவி. ஊர்ப்பேச்சில் அது எலிவால் அருவி. உயரம் 297 மீட்டர். தமிழ்நாட்டின் அருவிகளில் இதுவே உயரம்.

அங்கிருந்து விழும் நீர் என்ன வேகத்தில் அடியைத் தொடும்? காற்றே இல்லையென்றால் எட்டு வினாடிக்குள் இறங்கி, மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். காற்று அதற்கு விடுவதில்லை. பாதி வழியிலேயே தாரை கிழிந்து துளிகளாகிவிடுகிறது. தனித்து விழும் துளி எவ்வளவு பெரிதானாலும் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டரைத் தாண்டாது. கொத்தாக விழும் நீர் சற்று வேகமாக வரும், அவ்வளவுதான்.

அந்த வேகம் வெப்பமாகி, விழும் நீர் சூடாகும் என்பது இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூலின் கணக்கு. 1847இல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் போனவர், அங்கும் வெப்பமானியோடு அருவி தேடினாராம். பாவம், அந்த மனைவி! எலிவாலுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 0.7 டிகிரி வருகிறது. தூவானம் ஆவியாகிக் குளிர்வதால் அளக்கப் போனால் அகப்படாது.

வேகம் இவ்வளவுதான் என்றால், அருவி விழும் பள்ளத்தைக் குடைந்தது எது? பெருவெள்ளம் உருட்டி வரும் கற்கள். பழனி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் இறுகியது. வெறும் நீருக்கு அது அசையாது. வெள்ளத்தில் சுழலும் கல் குழி பறிக்கிறது. வெடிப்புகளில் புகுந்த நீர் பாறைத்துண்டுகளைப் பெயர்க்கிறது. வருடம் முழுக்க ஓடும் நீரைவிடச் சில நாள் வெள்ளமே அதிகம் செதுக்குகிறது.

இப்படிப்பட்ட பள்ளங்களில் கயிறு கட்டி அருவியோடு இறங்குவதை மேலைநாடுகளில் கேன்யனீரிங் என்ற விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். அதில் தேர்ந்தவர்கள் கிளம்புமுன் மேல்மலையில் மழை உண்டா என்று விசாரிப்பார்கள். இருபுறமும் செங்குத்துப் பாறை; வெள்ளம் வந்தால் ஒதுங்க இடமிராது. வத்தலக்குண்டில் வெயில் காயும்போதே கொடைக்கானலில் கொட்டலாம். பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியை வனத்துறை அடிக்கடி மூடுவதும் இதனால்தான்.

குளிக்கும்போது நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, கரையில் வைத்த பைக்காகக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.